பிணியாளர்க்குப் பணிவிடை

விநய பிடகத்தின் மகாவக்கத்தில், பிக்குகளின் சீவர ஆடைகளைப் பற்றிய பகுதியில், நோயாளியைப் பேணுவது குறித்த வரலாறு ஒன்று காணப்படுகின்றது. ஆடையைப் பற்றிய பகுதியில் நோயைப் பற்றிய செய்தி வருவானேன் எனின், இறந்த பிக்குவின் சீவரமும் பாத்திரமும் சங்கத்திற்கு உரியவையாயினும், அவற்றை அவரைப் பேணியவர்க்குச் சங்கம் அளிக்கலாம் என்னும் விதி அதனைத் தொடர்ந்து வருகின்றது. பணிவிடைக்குச் சங்கம் அளித்த மதிப்பு இதனால் விளங்கும்.

வரலாறு இதுவாகும். வயிற்றுப்போக்கினால் துன்புற்ற பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே வீழ்ந்து கிடந்தார். ஆனந்தருடன் உறைவிடங்களைச் சுற்றிவந்த பகவான் அவரைக் கண்டார். நோய் யாது என்றும், பணிவிடை செய்வார் உளரோ என்றும், பிக்குகள் பேணாமைக்குக் காரணம் யாது என்றும் அவரையே வினவினார். தாம் பிறர்க்கு எவ்வுதவியும் செய்ததில்லை, ஆதலின் தம்மைப் பேணுவாரும் இல்லை என்றார் அவர். பகவான் ஆனந்தரை அனுப்பி நீர் கொணரச் செய்தார். பகவான் நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்புறத்தையும் ஆனந்தர் கால்புறத்தையும் பற்றித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி விதி வகுத்தார். தாய் தந்தையரைத் துறந்து வந்தோர் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறெவர் பேணுவார் என்பது அவர் எடுத்துக் காட்டிய நியாயம். தமக்குப் பணி செய்ய விழைவோர் நோயாளிக்குப் பணி செய்க என்றும் அருளினார். ஆசான் மாணவனையும், மாணவன் ஆசானையும் நோய் தீருமளவும் பேணுதல் கடன். எவரும் இல்லாதவனைச் சங்கமே பேணுதல் வேண்டும், பேணாதொழிதல் குற்றம்.

இங்கே நாம் உன்னிக் கற்கவேண்டியவை மூன்று உள. முதலில் நோயாளியின் வாய்ச்சொல் கேட்கப்பட்டது. அடுத்து, சாஸ்தாவாகிய பகவானும் தொண்டராகிய ஆனந்தரும் ஒரே வேலையின் இருபாதிகளை ஏற்றனர்; ஒருவர் வார்க்க மற்றவர் கழுவினாலன்றி அவ்வேலை முடியாது. மூன்றாவதாக, பிறர்க்கு உதவாதவன் என்ற காரணம் அவனைக் கைவிடுதற்குப் போதிய காரணமாக ஏற்கப்படவில்லை.

பேணுவோர்க்குரிய இயல்புகள் ஐந்து என விநயம் வகுக்கின்றது. மருந்தைச் சேர்க்கும் திறம். நோயாளிக்கு ஏற்பது இது, ஏலாதது இது என்று அறிந்து, ஏற்பதை அளித்து ஏலாததை நீக்குதல். ஊதியம் கருதாது மைத்திரி உள்ளத்துடன் பேணுதல். மலசலத்தையும் வாந்தியையும் அகற்ற அருவருப்புக் கொள்ளாமை. உற்ற பொழுதில் தம்ம மொழி கூறி உள்ளத்தைத் தேற்றுதல் என்பன அவை. நோயாளிக்கும் கடமை உண்டு. ஏற்பதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்துண்ணல், நோயின் ஏற்றத்தாழ்வை உள்ளவாறு உரைத்தல், வலியைப் பொறுத்தல் என்பன அவனுக்குரிய ஐந்து.

இவை பழங்காலத்துத் துறவியர்க்கு மட்டும் உரியவையோ என ஐயுறுவார்க்கு வங்காளத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை எடுத்துரைப்போம்.

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது, இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் அடைக்கலம் புகுந்தனர். முகாம்களில் காலரா பரவியது. எல்லையருகே உள்ள பன்காவ் நகரின் சிறு மருத்துவமனைக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு குழு சென்றது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த மருத்துவர் திலீப் மகலநபிஸ் அக்குழுவின் தலைவர். அங்கே கட்டில்கள் சில, நோயாளிகளோ எண்ணிறந்தோர். தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். வாந்தியையும் மலத்தையும் மிதியாது ஒருவரை அணுகுதலும் அரிதாயிருந்தது.

காலராவில் உயிர் போவது உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதனால் ஆகும். கடுநோயாளி ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் அளவும் இழக்கக்கூடும். இக்கேட்டினை விளைப்பது கிருமி வெளிவிடும் நஞ்சே என்பதனை 1959இல் கல்கத்தாவிலேயே சம்புநாத் தே மெய்ப்பித்திருந்தார். இழந்த நீரை நரம்பின் வழியே ஏற்றுவதே அந்நாளில் முறையான மருத்துவம் எனப்பட்டது. ஆயின் அதற்குரிய உப்புநீரும், ஊசி ஏற்றப் பயின்றவரும் பன்காவில் விரைவில் போதாமற் போயினர்.

வேறொரு வழி இருந்தது. உப்பு தனித்து நின்றால் நோயுற்ற குடல் அதனை ஏற்பதில்லை. குளுக்கோசுடன் சேர்ந்து வந்தால் ஏற்கும். நீரும் உடன் செல்லும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்து அதன் பயனைக் காட்டியிருந்தனர். எனினும் அது பயின்றோர் மேற்பார்வையில் ஆராய்ச்சி மனையில் நிகழ்ந்தது. முகாமின் சேற்றில், எழுத்தறியாதார் கையில், அது பயன்தருமோ என்பதே வினா. பயன்தராவிடின் அழிவது மனித உயிர்.

மகலநபிஸ் துணிந்தார். லிட்டர் ஒன்றுக்குக் குளுக்கோசு 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்பது அன்றைய அளவு. கல்கத்தாவில் ஊழியர் இவற்றை நிறுத்துப் பொட்டலமாக்கினர். பொட்டலங்கள் பன்காவ் சென்று நீரிற் கரைக்கப்பட்டன. மயக்கமுற்ற கடுநோயாளிக்கு மட்டும் முதலில் நரம்பின் வழியே நீர் ஏற்றினர். மற்றையோர்க்குத் தாயரும் உடன்பிறந்தாரும் குவளையிலும் கரண்டியிலும் கரைசலைப் புகட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு, அக்குழுவின் பராமரிப்பில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இதனை விநயத்தின் ஐந்து இயல்புகளோடு ஒப்பிட்டுக் காண்போம். மருந்து சேர்த்தவர் கல்கத்தாவில் நிறுத்தவர். ஏற்பதும் ஏலாததும் அறிந்து, இவருக்கு ஊசி, இவருக்குக் கரைசல் என்று பிரித்தவர் மருத்துவர். அருவருப்பின்றித் துப்புரவு செய்தவர் ஊழியர். ஊதியம் கருதாது இரவெல்லாம் விழித்துப் புகட்டியும், தேற்றுமொழி சொல்லியும் இருந்தோர் உறவினர். ஐந்தும் ஒருவரிடத்தே நிறைவது அரிது. பலர் கூடியவிடத்தே நிறைந்தன. கூட்டுப்பணி என்பதன் பொருள் இதுவே. தாயின் கையில் கரண்டியைக் கொடுத்தமையால் மருத்துவரின் கல்வி தாழவில்லை. ஊசி வேண்டியவரிடம் சென்று நிற்க அவருக்குப் பொழுது வாய்த்தது.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் உடனே ஏற்றதன்று. பயிலாதார் கையில் மருத்துவத்தை ஒப்புவித்தல் தகாது என்ற எண்ணம் வலிதாயிருந்தது. ஆய்வு 1973இல் வெளிவந்தது. 1978இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் கரைசலின் அளவு திருத்தப் பெற்றது. ஆதலின் மேலே கூறிய பழைய அளவை வீட்டிற் கையாளாது, கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன்மேற் குறித்தவாறே கரைத்தல் வேண்டும். மகலநபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் மறைந்தார். 2023இல் பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

நம் ஊர் மருத்துவமனைகளிலும் காலைதோறும் கூட்டம் நெருங்குகின்றது. சீட்டு எழுதுவோர், செவிலியர், மருந்து கொடுப்போர், மருத்துவர் ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் பங்கை முடித்து நோயாளியை அடுத்தவரிடம் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறாயின் நால்வரைக் கண்டும் நோயாளி தன் துன்பத்தை ஒருவரிடமும் சொல்லாதே வீடு திரும்புவான். செவிலியரிடம் அவன் சொன்னது மருத்துவர் செவிக்கு எட்டவேண்டும். மருத்துவர் சொன்னது அவனுக்கு விளங்கிற்றா என்று மருந்து கொடுப்பவர் வினவவேண்டும். உடன்வந்த மனைவியையோ மகனையோ வெளியே நிற்கும் இடையூறாகக் கருதாது, வீட்டில் தொடரும் பணிவிடைக்கு உரியவராகக் கருதிச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். இதற்கு வேண்டுவது சில நிமிடங்களே.

தென்னிந்தியாவில் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டிதர் அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நம் அன்பர்கள் அறிவர். பிணிநீக்கமும் தம்மப் பணியும் நம்மிடையே பண்டுதொட்டு ஒட்டி வளர்ந்தவை.

அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் ஆராயுமாறு சில வினாக்கள்:

1. பேணுவோர்க்குரிய ஐந்து இயல்புகளுள் நம்மிடத்து உள்ளது யாது? இல்லாதது யாது? அதனை உடையவர் நம் சங்கத்தில் எவர்?

2. நம் தெருவில், பிறர்க்கு உதவாதவர் என்று எண்ணி நாம் நலம் விசாரியாது விட்ட நோயாளி எவரேனும் உளரோ?

3. மருத்துவமனைக்குத் துணையின்றிச் செல்லும் முதியோர்க்கு நம்மில் எவர், எந்நாளில் உடன் செல்லக்கூடும்?

மூன்றாம் வினாவிற்கு விடை பெயரும் நாளுமாகக் குறிக்கப்படுதல் நலம். ஒருவர் நீர் வார்க்க முன்வந்தால், கழுவுவதற்கு மற்றொருவர் வாராதிரார்.