60 வாக்கு எதற்கு வேண்டும்?

நம்பிக்கை: அமெரிக்க செனட்டில் 60 பேர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பட்ஜெட்டே நகராது.

உண்மை: பட்ஜெட் என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பது அங்கே மூன்று தனிச் சமாசாரங்கள். மொத்த வரவு செலவுக்கு வரம்பு போடும் தீர்மானம் ஒன்று. அதற்கேற்ப வரிகளையும் நலத்திட்டங்களையும் திருத்தும் 'ரீகன்சிலியேஷன்' மசோதா இன்னொன்று. 1974ஆம் ஆண்டுச் சட்டம் இவை இரண்டின் விவாதத்துக்கும் கெடு வைத்துவிட்டது: தீர்மானத்துக்கு 50 மணி நேரம், ரீகன்சிலியேஷனுக்கு 20. பேசி இழுத்தடிக்க (அதுதான் 'ஃபிலிபஸ்டர்') வழியில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். மூன்றாவது, இலாகாக்களுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் 12 மசோதாக்கள். இவற்றுக்கு அந்தக் கெடு கிடையாது; விவாதத்தை முடிக்க வேண்டிய 60இல் முட்டி நிற்பவை இவைதான்.

2025இல் இரண்டு காட்சிகளையும் பார்த்தோம். ரீகன்சிலியேஷனாக வந்த ட்ரம்பின் பிரம்மாண்ட வரி மசோதா, சொந்தக் கட்சியில் மூவர் எதிர்த்தும், ஜூலை 1 அன்று துணை அதிபர் வான்ஸின் ஒற்றை வாக்கில் 51-50 என்று தேறியது. அக்டோபரிலும் அதே செனட்தான், அதே 53 குடியரசுக் கட்சியினர்தான். ஆனால் அரசு அலுவலகங்களை ஏழே வாரம் ஓட்டுவதற்கான, 60 தேவைப்பட்ட இடைக்கால நிதி மசோதா 14 முறை வாக்கெடுப்பில் மாட்டிக்கொண்டது. 43 நாள் அரசு முடங்கிக் கிடந்தது. நவம்பர் 9 இரவு, குடியரசுக் கட்சியில் ஒருவர் எதிர்த்தும், எதிர்வரிசையிலிருந்து எட்டுப் பேர் வந்து சேர, கணக்கு மிகச் சரியாக 60!

நம்பிக்கை: ஃபிலிபஸ்டர் என்றால் ஒருவர் விடிய விடிய நின்று பேசுவது.

உண்மை: சினிமாவில் அப்படி. இன்று யாரும் வாய் திறக்கவே தேவையில்லை. விவாதத்தை முடிக்க 41 பேர் மறுத்தாலே மசோதா அங்கேயே நிற்கும். 2013இல் செனட்டர் டெட் க்ரூஸ் குழந்தைகள் புத்தகமெல்லாம் வாசித்து 21 மணி நேரம் பேசினார். வாக்கெடுப்பு ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை.

நம்பிக்கை: ரீகன்சிலியேஷன் என்று பெயர் சூட்டினால் எதையும் நுழைத்துவிடலாம்.

உண்மை: வரவு செலவோடு ஒட்டாததை 'பேர்ட் விதி' வெட்டிவிடும். 2021இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி அப்படித்தான் போனது. ட்ரம்ப் மசோதாவில் 'பெரிய, அழகான' என்றிருந்த பெயரே அதே விதியில் அடிபட்டது. பெயரில் ஏது வரவும் செலவும்?

நம்பிக்கை: 60 என்பது அரசியல் சாசனத்தில் உள்ளது.

உண்மை: இல்லை. செனட் தானே வகுத்துக்கொண்ட 22ஆம் விதி அது. 60 ஆனதே 1975இல்தான். நியமனங்களுக்கு 2013இலும் 2017இலும் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். 2025 முடக்கத்தின்போது அதை அடியோடு தூக்கிவிடச் சொன்னார் ட்ரம்ப். அவருடைய கட்சியின் செனட் தலைவர் தூன் மறுத்துவிட்டார்.