குரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு வரும் உள்காய்ச்சல்: பெற்றோர் அறிய வேண்டியவை

குரோன் நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மாலையானால் உடம்பு இலேசாகச் சுடுகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?" 'சூட்டு உடம்பு', 'வெயிலில் விளையாடியதால் வந்தது' என்று சிலர் இதைத் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர் மாலைதோறும் காய்ச்சல் மருந்து கொடுத்து அடக்கிவிடுகின்றனர். இரண்டும் சரியல்ல. அதன் காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

எது உள்காய்ச்சல்?

உடல் வெப்பம் அதிகாலையில் குறைந்தும் மாலையில் சற்று உயர்ந்தும் இருப்பது இயல்பு. அது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை (38 டிகிரி செல்சியஸ்) எட்டினால் காய்ச்சல் எனக் கொள்கிறோம். அதற்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 99.5 டிகிரிக்கு மேல், பல நாள்கள் திரும்பத் திரும்பக் காணப்படும் வெப்பத்தையே இங்கு உள்காய்ச்சல் என்கிறோம். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. வெப்பமானியால் அளக்க வேண்டும். அக்குளில் அளந்தால் வாயில் அளப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே எப்போதும் ஒரே இடத்தில் அளப்பது நல்லது.

ஏன் வருகிறது?

நியூயார்க் நகர மருத்துவர் பரில் குரோனும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1932ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தபோதே, வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு ஆகியவற்றுடன் காய்ச்சலையும் அதன் அடையாளமாகக் குறிப்பிட்டனர். குடற்சுவரில் அழற்சி ஏற்படும்போது நோயெதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை இரத்தத்தின் வழியே மூளையைச் சென்றடைந்து, உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் பகுதியைத் தூண்டி வெப்பத்தை உயர்த்துகின்றன. எனவே கிருமி எதுவும் இல்லாமலேயே காய்ச்சல் வரலாம். வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ தெரியாத நிலையில், உள்காய்ச்சலும் பசியின்மையும் எடை கூடாமையுமே நோய் மீண்டும் தலையெடுப்பதன் முதல் அறிகுறிகளாக அமைவதும் உண்டு.

எனினும் எல்லாக் காய்ச்சலுக்கும் குரோன் நோயே காரணம் என்று இருந்துவிடுதல் ஆகாது. மூன்று காரணங்களை நாங்கள் தவறாமல் தேடிப் பார்க்கிறோம்.

முதலாவது, சீழ்க்கட்டி. அது வயிற்றுக்குள்ளோ ஆசனவாயின் அருகிலோ உருவாகலாம். ஆசனவாய்ப் பகுதியில் வலி இருப்பதைச் சொல்லக் குழந்தைகள், குறிப்பாக வளரிளம் பருவத்தினர், கூச்சப்படுவர். உட்காரச் சிரமப்படுகிறார்களா, உள்ளாடையில் கறை இருக்கிறதா என்று பெற்றோர் பரிவுடன் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, தொற்று. அசாதயோப்ரின், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவை நோயெதிர்ப்பாற்றலைக் குறைத்தே அழற்சியை அடக்குகின்றன. அசாதயோப்ரினால் வெள்ளை அணுக்கள் குறையலாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்து, பெரிய தொற்றையும் சிறியதுபோலக் காட்டலாம்.

மூன்றாவது, காசநோய். நம் நாட்டில் இது பரவலாக உள்ளது. குடற்காசநோயும் குரோன் நோயும் சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரும்பாலும் பாதிக்கின்றன, அறிகுறிகளும் ஒத்திருக்கின்றன. இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடும். அவற்றைத் தொடங்குமுன் மார்பு ஊடுகதிர்ப்படமும் காசநோய்ப் பரிசோதனையும் செய்வது இதனால்தான். வீட்டில் யாருக்கேனும் நாட்பட்ட இருமல் இருந்தால் மறைக்காமல் தெரிவியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காலையும் மாலையும் வெப்பத்தை அளந்து, நாளும் நேரமும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வயிற்றுவலி, மலம் கழித்த தடவைகள், இரத்தம் கலந்திருந்ததா, உணவு, வாரம் ஒருமுறை எடை ஆகியவற்றையும் குறியுங்கள். இரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றில் எது தேவை என்று முடிவு செய்ய இக்குறிப்பேடு எங்களுக்குப் பெரிதும் உதவுகிறது.

குழந்தை சோர்வாக இருந்தால், எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் தரலாம். கொடுக்குமுன் வெப்பத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாள்தோறும் தொடர்ந்து தந்தால் காய்ச்சலின் போக்கு எங்களுக்குத் தெரியாமற் போகும். ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தர வேண்டாம். அவை குடற்புண்ணைக் கிளறக்கூடும். டெங்கு காய்ச்சலாக இருந்தால் இரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

காய்ச்சலுக்கு அஞ்சி, குரோன் நோய் மருந்துகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். குறிப்பாக ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருந்தைத் தள்ளிவைப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எப்போது வர வேண்டும்?

உள்காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுக்கும் குழந்தைக்கு வெப்பம் 100.4 டிகிரியை எட்டினால் அன்றே அழைத்து வாருங்கள். குளிர் நடுக்கம், கடும் வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், ஓயாத வாந்தி, மலத்தில் மிகுந்த இரத்தம், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், எழுப்பினாலும் மயங்கிக் கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வரும்போது மருந்துச் சீட்டுகளையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள்.