சரிவு நிலத்தில் உழவு இயந்திரம்

கொலன்னாவை களனி கங்கையை அடுத்த தாழ்நிலம். அத்தகைய சமதரையில் உழவு இயந்திரம் ஓட்டிப் பழகிய சாரதி, சுமை ஏற்றவோ உழவுக்கோ வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் செல்லும்போது, தம் பழக்கம் முழுவதும் அங்கும் உதவுமென்று எண்ணலாகாது.

முதலில் இரு சக்கர உழவு இயந்திரத்தைக் கவனிப்போம். 1950களில் றே விஜயவர்தன வடிவமைத்த லாண்ட்மாஸ்டர் மூலம் இவ்வகை நம் கமக்காரருக்குப் பழக்கமாயிற்று. இதன் கைபிடிகளில் திருப்புவதற்கென இரு கிளச்சுகள் உள. சமதரையில் இடக் கிளச்சை அழுத்தினால் இடச் சக்கரத்துக்குச் செல்லும் விசை நின்று, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் சுமைப்பெட்டியுடன் இறக்கத்தில் வரும்போது எஞ்சின் சக்கரங்களை ஓட்டுவதில்லை. சுமை பின்னாலிருந்து தள்ள, எஞ்சின் அவற்றைத் தடுத்துப் பிடிக்கின்றது. அவ்வேளை இடக் கிளச்சை அழுத்தினால், இடச் சக்கரம் அப்பிடியினின்றும் விடுபட்டு விரைந்து உருளும். வலச் சக்கரமோ பிடிபட்டிருக்கும். எனவே இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் பள்ளமாயின் விளைவைக் கூற வேண்டியதில்லை.

ஆகவே இறக்கத்தில் இக்கிளச்சுகளைத் தொடாது, கைபிடியைத் தள்ளியே திருப்புக. கிளச்சுகளை மாற்றி அழுத்திச் சமாளிப்போம் என்பாரும் உளர். இறக்கம் முடியுமிடத்தில் அவற்றின் செயல் மீண்டும் மாறுமாதலால் அதனை நாம் ஏற்கோம். இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிடுக. இடைவழியிற் கியரை மாற்றுதலும், எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கியரை விடுவித்து ஓடவிடுதலும் பெருந்தவறு. பெட்டியில் ஆட்களை ஏற்றற்க.

நாலு சக்கர இயந்திரத்தில், வீதிக்கு ஏறுமுன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொளுவியால் இணைத்துக்கொள்க. இழுக்கும் பாரத்தைப் பின்னச்சுக்கு மேலே கட்டினால் முன்சக்கரங்கள் கிளம்பும்; மீளமுடியாத நிலை ஒரு விநாடிக்குள் வந்துவிடும். இழுவைச் சட்டத்திலே மாத்திரம் கொளுவுக. சரிவுக்குக் குறுக்கே ஓட்ட நேரின், மேட்டுப்பக்கச் சக்கரம் கல்லிலோ வரம்பிலோ ஏறாதவாறும், பள்ளப்பக்கச் சக்கரம் குழியில் இறங்காதவாறும் பார்த்துக்கொள்க. சுவீடன் தேசத்தில் 1959 முதல் புதிய இயந்திரங்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்ட பின்னர், கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. அத்தகைய சட்டம் உள்ள இயந்திரத்தில் இருக்கைப் பட்டியையும் அணிதல் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாரதியின் பாதுகாப்புக்கு மேலுங் கீழுமாக ஓட்டுதல் நன்று. ஆனால் அவ்வாறு உழுத சால்களின் வழியே மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும். மண்ணைக் காக்கவோ சமவுயரக் கோட்டின் வழியே குறுக்கே உழுதல் வேண்டும். 1951ஆம் ஆண்டு மண் காப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் மலைநாட்டின் இவ்வரிப்பை முன்னிட்டேயாம். குறுக்கே அச்சமின்றி ஓட்ட இயலாத சரிவில் உழவு இயந்திரத்தை இறக்காது விடுக. அந்நிலத்தில் கல்லணை கட்டிப் படிநிலமாக்கி, மண்வெட்டியாற் பண்படுத்தலாம். அல்லது புல்லும் மரமும் நடலாம்.