குட்டைப் பாசியை ஒரேயடியாக அழிக்கலாமா?

சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூரில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத விடியற்காலையில், முப்பது சென்ட் குட்டையில் வளர்ந்துவந்த கட்லா, ரோகு மீன்கள் செத்து மிதந்தன. ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்கு வந்திருந்த மீன்கள். பொங்கலுக்குப் பிடித்து விற்று மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டலாம் என்றிருந்த பெரியவர், கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பங்காளிதான் இரவில் மருந்தைக் கலந்துவிட்டார் என்று பேச்சு எழுந்தது. இருவருக்கும் ஏற்கெனவே வரப்புத் தகராறு உண்டு. விஷயம் போலீஸ் நிலையம் வரை போக இருந்த வேளையில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"பெரியவரே, முதலில் செத்தது பெரிய மீனா, சின்ன மீனா?" என்று கேட்டேன்.

"பெருசுதாங்க ஐயா. சின்னது இன்னும் கொஞ்சம் உசுரோட வாயைத் திறந்து திறந்து மூடுது."

"குட்டையில் விரால் உண்டா?"

"வாய்க்கா தண்ணியோட வந்த விரால் நாலஞ்சு கெடக்கு. அதுக்கு ஒண்ணும் ஆவலீங்க."

இந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. பூச்சிமருந்து கலந்திருந்தால் விராலும் தப்பாது. குஞ்சுகளும் பெரிய மீனுக்கு முன்பே செத்திருக்கும். விரால் தண்ணீருக்கு மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும் மீன். அது பிழைத்து, கட்லாவும் ரோகுவும் செத்தன என்றால், தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று பொருள். அது ஏன் தீர்ந்தது என்று விசாரித்தபோது, பத்து நாட்களுக்கு முன் குட்டை முழுவதும் களைக்கொல்லி அடித்துப் பாசியை ஒரேயடியாக அழித்திருந்தார் என்று தெரிந்தது. செத்த பாசி அடியில் அழுகிக்கொண்டிருந்தது. அதோடு மூன்று நாள் மழை மூட்டம்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? நான் நடத்திய ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்தவர் அவர். 'மீன் குட்டைக்குப் பாசி எதிரி, அதை அகற்றுங்கள்' என்று அங்கே சொன்னேனே தவிர, எவ்வளவு அகற்றலாம், எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. குறை என் பேச்சில்தான். அன்று முதல் என் வகுப்பறை மேஜையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. வாயால் சொல்லிப் புரியாததை அது காட்டிவிடுகிறது.

தொட்டிக்குள் ஒரு குட்டை

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டி அது. சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் இரண்டு அங்குலம் வயல் மண். அதன்மேல் கழுவிய ஆற்று மணல் ஓர் அங்குலம். வாய்க்காலில் பிடுங்கிய வேலம்பாசித் தண்டுகளைச் சிறு கல்லில் நூலால் கட்டி மணலில் ஊன்றினோம். ஒரு வாரம் கழித்து நான்கு கெண்டைக் குஞ்சுகளை விட்டோம்.

முதல் மாதம் பார்க்கச் சகிக்காது. தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். பாசியின் பழைய இலைகள் உதிரும். மூன்றாம் வாரம் கண்ணாடியெல்லாம் பச்சை வழுவழுப்பு படரும். தொட்டி கெட்டுவிட்டது, கொட்டிவிடலாமா என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கொட்டக் கூடாது. அந்த நாட்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை நடக்கிறது. மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அது மீனுக்கு விஷம். ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது நாம் பயிருக்கு இடும் தழைச்சத்துதான், பாசிக்கு உணவு. இந்த நுண்ணுயிர்கள் மண்ணிலும் மணலிலும் இலையிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாக இருக்க வேண்டும், தீனியும் குறைவாக இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய குட்டையில் முதல் வாரமே குஞ்சுகளை அளவுக்கு மீறி விட்டு, தவிட்டையும் சாணத்தையும் கொட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாம் மாதம் வேலம்பாசி வேர் பிடித்துத் தழைச்சத்தை இழுக்க ஆரம்பித்ததும், கண்ணாடியில் இருந்த பச்சை வழுவழுப்பு தானாகக் குறையும். தண்ணீர் தெளியும். எங்கிருந்தோ நத்தைகளும் வந்துவிடும். தொட்டி அழகாக இருக்கும் காலம் இதுதான்.

ஐந்தாறு மாதம் கையை வைக்காமல் விட்டால் நிலை மாறும். பாசி மேல்மட்டம் முழுவதும் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். கீழ்த்தண்டுகள் இலை இழந்து கறுக்கும். அடியில் கரிய சேறு சேரும். குச்சியால் குத்தினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி வரும். தொட்டி கிழடாகிவிட்டது. ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் உப்பும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். கடலோர ஊர்களில் இதை மறக்கக் கூடாது.

பகலில் கொடுப்பதும் இரவில் எடுப்பதும்

பாசி பகலில் வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் அதுவும் மீனைப் போலவே சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயு சுமார் 270 மில்லிகிராம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து ஏற்பது ஏழரை மில்லிகிராம்தான். மீன் இந்தச் சிறிய கையிருப்பில் வாழ்கிறது. 5 மில்லிகிராம் இருந்தால் நன்றாக வளரும். 3க்குக் கீழே போனால் திணறும். கையிருப்பு மிகக் குறைவது விடியற்காலையில். முந்தின நாள் வெயிலே இல்லையென்றால் வரவே கிடையாது, செலவு மட்டும்தான். செத்த பாசியோ வரவு எதுவும் தராது; அதை அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் பகலிலும் இரவிலும் பிராணவாயுவைத் தின்னும்.

இதைப் பெரியவருக்கும் அவர் பங்காளிக்கும் இரண்டு வாளிகளில் காட்டினேன். இரண்டிலும் ஒரே குட்டைத் தண்ணீர், இரண்டிரண்டு குஞ்சுகள். ஒன்றில் உயிருள்ள பாசி ஒரு கைப்பிடி; மற்றதில் வெந்நீரில் முக்கிச் சாகடித்த பாசி அதே அளவு. மறுநாள் காலை இரண்டாவது வாளி நாறியது. குஞ்சுகள் மேலே வாயைத் திறந்தபடி நின்றன. உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விட்டோம். பங்காளி ஒன்றும் பேசவில்லை. பெரியவர்தான், "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்றார். வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

எவ்வளவு எடுப்பது?

மீன் குட்டையில் பாசி பரப்பில் நாலில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால், குட்டையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பட்டையாகக் கையாலோ அரிகயிறு போட்டோ வாரி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே போட்டால் மழையில் அதன் சாறு மறுபடி குட்டைக்கே வரும். தள்ளிக் கொண்டுபோய் மக்க வைத்தால் நல்ல எரு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். மழை நின்று வெயில் அடிக்கும் தை, மாசியில் பாசி வேகமாக வளரும், அப்போது தொடங்கலாம். மீன் இருக்கும் குட்டையில் களைக்கொல்லி வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

புல் கெண்டை விடலாமா என்று கேட்பார்கள். 1959இல் நம் நாட்டுக்கு வந்த அந்த மீன் வேலம்பாசியை விரும்பித் தின்னும். நூறு குஞ்சுக்குப் பத்து போதும். ஆனால் வெங்காயத்தாமரையை அது அவ்வளவாகத் தொடாது. கரை உடைந்து வயலுக்குள் போனால் நெல் நாற்றைத் தின்றுவிடும். வெங்காயத்தாமரையைப் பூப்பதற்கு முன் கையால் எடுப்பதே வழி. கற்பூரவல்லி இலைப் பொடியால் அதைக் கட்டுப்படுத்துவது பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் வட்டாரத்துக்கு உகந்த முயற்சி.

தொட்டிக்கு வரும் கிழடு ஏரிக்கும் வரும், அதற்கு நூற்றாண்டுகள் ஆகும், அவ்வளவே. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் சுமார் 16 கிலோமீட்டர் நீளம். கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீரோடு வண்டலும் வந்து படிந்துகொண்டே இருக்கிறது. மேடிட்ட இடத்தில் சம்பு வரும், பிறகு நெய்வேலிக் காட்டாமணக்கு வரும். நம் குட்டை இந்த நிலைக்கு வரப் பத்து ஆண்டுகூட ஆகாது.

ஆபத்து வந்துவிட்டால்

காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நின்றால், நத்தைகள் கூட்டமாகக் கரையேறினால், காத்திருக்க வேண்டாம். மோட்டாரை ஓட்டி, தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். மோட்டார் இல்லையென்றால் தென்னை மட்டையால் மேல்தண்ணீரை அடியுங்கள், அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் சுண்ணாம்பு கொட்டக் கூடாது: காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் விஷம் கூடும்.

சுண்ணாம்புக்கு உரிய காலம் சித்திரை. மீன் பிடித்த பிறகு குட்டையை வெடிப்பு விடும் வரை காயவிட்டு, கரிய மேல்சேற்றை வழித்து வயலுக்குப் போட்டுவிட்டு, ஏக்கருக்கு 100 கிலோ வீதம் தூவலாம். முப்பது சென்டுக்கு 30 கிலோ. களர் மண்ணாக இருந்தால் தூவ வேண்டாம். ஒரு பிடி மண்ணை விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.