வேலைக்கள்ளன் எப்போது பிடிபடுவான்?

கேள்வி: ஐயா, நான் கல்லடியில் வசிப்பவன். தினமும் பாலம் கடந்து நகரத்தில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் பிரிவில் எட்டுப் பேர். சித்திரைப் புதுவருடம் கழிந்த பிறகு, ஒரு விளையாட்டாக, செய்கிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். நேரத்துக்குப் போவேன், கையெழுத்து வைப்பேன், கோவையை விரித்து வைத்துக்கொண்டு இருப்பேன். இப்போது முன்பு செய்ததில் பாதிகூடச் செய்வதில்லை. மாதங்கள் போய்விட்டன. யாருமே கவனிக்கவில்லை. மேலதிகாரிகளுக்குக் கண் இல்லையா, அல்லது என் வேலையே யாருக்கும் தேவையில்லையா? இப்படி எவ்வளவு காலம் ஓட்டலாம்?
— பெயர் வேண்டாம், கல்லடி

பதில்: அன்புள்ள வாசகருக்கு, பெயரை மறைத்தது நல்ல காரியம். உங்கள் பிரதம லிகிதரும் இந்தப் பக்கத்தை வாசிப்பவராக இருக்கலாம். கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் இருந்தபடியே வைத்து, என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். ஆராய்ச்சி செய்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் தடுக்கி விழுந்திருக்கிறீர்கள். ‘யாருமே கவனிக்கவில்லை’ என்று எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் கையில் இருக்கும் சான்று, யாரும் உங்களிடம் வந்து சொல்லவில்லை என்பது மட்டுமே. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், எல்லோரும் சொல்லும் விளக்கத்தைப் பார்த்துவிடலாம். ‘வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையைச் சாட்டாக வைத்து வேலையைத் தவிர்ப்பவளைச் சொல்வது அது. வேலை செய்யாதவர் சோம்பேறி, அது அவருடைய பிறவிக் குணம் என்பது அவர்களின் கணிப்பு. இன்னும் சிலர், அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படித்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். குணம்தான் காரணம் என்றால், பங்குனி வரைக்கும் ஒழுங்காக வேலை செய்த நீங்கள் வைகாசியில் மாறியதை எப்படி விளக்குவது? அலுவலகத்தில் கோவையைப் பார்த்துக் கொட்டாவி விடும் அதே மனிதர், வீட்டுக் கூரை மாற்றும் நாளில் விடியமுன் எழும்பி ஓடு எடுத்துக் கொடுக்கிறாரே, அது எந்தக் குணம்? அரசாங்கம்தான் காரணம் என்பதும் சரிவராது. அரசாங்கமும் சம்பளமும் சம்பந்தப்படாத இடத்திலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் கயிறு இழுக்க வைத்து.

மக்ஸ் ரிங்கெல்மன் என்பவர் பிரான்ஸ் நாட்டு விவசாயப் பொறியியலாளர். மனிதர்கள், மாடுகள், இயந்திரங்கள் ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்யும் என்று கணக்கிடுவது அவருடைய தொழில். 1882க்கும் 1887க்கும் இடையில், இளைஞர்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கயிறு இழுக்க விட்டு, இழுவையின் வலுவை அளந்தார். முடிவுகள் அச்சானது 1913இல். தனியாக இழுக்கும்போது ஒருவர் கொடுக்கும் வலுவை 100 என்று வைத்தால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93 ஆயிற்று. மூவர் சேர்ந்தபோது 85. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 49. எட்டுப் பேர் இழுத்த கயிற்றில் நாலு பேருடைய பலம்தான் இருந்தது. உங்கள் பிரிவிலும் எட்டுப் பேர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.

கல்லடிக்காரரான உங்களுக்குக் கயிறு இழுப்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தலைக்கயிறு கரையில் நிற்க, வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுக்கொண்டு வந்து மறு தலைக்கயிற்றைக் கரைக்குக் கொடுக்கும். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். அந்த வரிசையில் கையை மட்டும் கயிற்றில் வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கும் ஒருவரைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க முடியாது. உடம்பு சாய்ந்திருக்கிறது, முகம் சுளித்திருக்கிறது, கயிறும் நகர்கிறது. யாருடைய கையிலிருந்து எவ்வளவு பலம் போகிறது என்பதைக் கயிறு பிரித்துச் சொல்லாது. கூட்டு வேலையில் கள்ளம் மறைவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் உடனே ஒரு மறுப்புச் சொல்லலாம்: எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுக்காததால் பலம் சிதறியிருக்கும், அதற்கு ஏன் சோம்பலைப் பழிக்க வேண்டும்? நியாயமான மறுப்பு. ரிங்கெல்மனும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார். நம் மீனவர்கள் அம்பாப் பாட்டுப் பாடி இழுத்ததும் இந்தச் சிதறலைத் தடுக்கத்தான். பாட்டின் அடி விழும் இடத்தில் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும். சில கரைகளில் உழவு இயந்திரத்தைக் கட்டி இழுத்ததும் உண்டு, அதற்குப் பாட்டுத் தேவைப்படவில்லை. ஆனால் ரிங்கெல்மன் இன்னொன்றையும் கண்டு எழுதி வைத்தார். மா அரைக்கும் ஆலையின் சுழலியைச் சேர்ந்து சுற்றும் சிறைக்கைதிகளில், பக்கத்தில் இருப்பவன் தள்ளுவான் என்று நம்பி, சுழலியோடு கையை மட்டும் ஓட விடுபவர்கள் இருந்தார்கள்.

இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அலன் இங்கம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு குறும்பு செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பது போலப் பாவனைதான் செய்தார்கள். ஆக, உண்மையில் இழுத்தவர் ஒருவரே. அடி பிசகுவதற்கு இடமே இல்லை. அப்படியிருந்தும், பின்னால் இருவர் இழுக்கிறார்கள் என்று நம்பியபோது அவருடைய இழுவை ஏறக்குறைய நூற்றுக்கு 15 வீதம் குறைந்தது. அவருக்கே அது தெரியாது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூவர், கயிற்றுக்குப் பதிலாகக் கைதட்டலையும் கூச்சலையும் அளந்து அதே குறைவைக் கண்டார்கள். உளவியலில் இதற்குச் சமூகச் சோம்பல் என்று பெயர்: தன் பங்கு தனியாகத் தெரியாத கூட்டத்தில் ஒருவர் அறிந்தோ அறியாமலோ கையைத் தளர்த்துவது. அதே மூவர் 1981இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னதும், கூட்டத்தில் நின்றபடியே சோம்பல் காணாமல் போயிற்று. ஆள் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. அளவுகோல் மட்டும் வந்து சேர்ந்தது.

இனி உங்கள் அலுவலகத்துக்கு வருவோம். அங்கே அளவுகோல் இல்லாமலா? இருக்கிறது. வரவுப் பதிவேடு இருக்கிறது, குறித்த நேரம் தாண்டியதும் அதில் விழும் சிவப்புக் கோடு இருக்கிறது. விரல் அடையாள இயந்திரமும் இருக்கலாம். அவை அத்தனையும் அளப்பது நீங்கள் வந்தீர்களா என்பதை. வந்து என்ன செய்தீர்கள் என்பதை அளக்க அங்கே ஒன்றுமில்லை. உங்கள் பரிசோதனையில் நீங்கள் கெட்டிக்காரத்தனமாக மாற்றாமல் விட்டது, அளக்கப்படும் அந்த ஒன்றைத்தான். ஒரு வாரம் பத்து நிமிடம் பிந்திப் போய்ப் பாருங்கள், எத்தனை கண்கள் அங்கே இருக்கின்றன என்று தெரியும்.

அதோடு, அலுவலக வேலையில் ஏற்கனவே நிறையத் தொய்வு இருக்கிறது. பார்க்கின்சன் விதி என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேலை விரிந்துகொள்ளும் என்பது அதன் சாரம். 1955இல் அதை எழுதிய நோர்த்கோட் பார்க்கின்சன் அப்போது சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். யாழ்ப்பாணத்தார் கிளாக்கர் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பிவந்த அதே மலாயா. அவர்களில் எவரையாவது மனதில் வைத்து எழுதினாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர் காட்டிய உதாரணம் பிரித்தானியக் கடற்படை. 1914க்கும் 1928க்கும் இடையில் பெரிய போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தன. அதே காலத்தில் தலைமையகத்து அதிகாரிகள் 2,000இலிருந்து 3,569ஆகப் பெருகினார்கள். கப்பல் குறைந்தும் வேலை குறையவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த, அதை மூன்றாமவர் பார்வையிட என்று நாள் நிறைந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் பாதியை விட்டால், விட்ட பாதி எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்.

‘என் வேலையே தேவையில்லையா’ என்று கேட்டீர்கள். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. 2022 யூனில், எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது அமைச்சரவை. சுகாதாரம், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. யார் வராவிட்டால் அன்றைக்கே தெரியும், யார் வராவிட்டால் தெரிய நாளாகும் என்பதை அரசாங்கமே எழுதிக் கொடுத்த பட்டியலாக நான் அதைப் பார்க்கிறேன். இரண்டாவது வரிசையில் இருப்பவர்கள் தேவையில்லாதவர்கள் என்று அர்த்தமில்லை. காணி அனுமதிப்பத்திரம் ஒன்று ஆறு வாரம் பிந்தினால், அந்த வலி விண்ணப்பித்தவரின் வீட்டில் இருக்கும், அலுவலகத்துக்குக் கேட்காது.

ஒருவர் வேலைக்கு வராததற்கும் அது தெரியவருவதற்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு நீளலாம் என்பதற்கு ஸ்பெயினின் காடிஸ் நகரம் சாட்சி. அங்கே நகரசபை ஊழியர் ஒருவர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டவர், குறைந்தது ஆறு ஆண்டுகள் வேலைக்குப் போகவில்லை. நீர் நிறுவனம் அவரை நகரசபை கவனிக்கிறது என்று நினைத்தது. நகரசபை, நீர் நிறுவனம் கவனிக்கிறது என்று நினைத்தது. 2010இல் இருபது ஆண்டு சேவைக்காக அவருக்குப் பதக்கம் கொடுக்கத் தேடியபோதுதான் ஆளைக் காணவில்லை என்று தெரிந்தது. நீதிமன்றம் ஓர் ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடாக ஏறக்குறைய 27,000 யூரோ தண்டம் விதித்தது. தனக்கு அங்கே செய்ய வேலையே தரவில்லை என்பது அவர் தரப்பு நியாயம். அது உண்மையானால் குற்றத்தில் பாதி மேலே இருந்தவர்களுடையது என்பேன்.

காடிஸ்காரரைவிட எனக்குச் சுவையானவர் இந்தியாவின் மத்திய பொதுப்பணித் துறைப் பொறியியலாளர் ஒருவர். 1990 டிசம்பரில் லீவில் போனார், திரும்பி வரவில்லை. பணிநீக்கம் செய்யப்பட்டது 2015 ஜனவரியில், அமைச்சர் வெங்கையா நாயுடு கையெழுத்திட்ட பிறகு. 24 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை என்று உலகம் சிரித்தது. கவனிக்காமல் இல்லை ஐயா! 1992இலேயே விசாரணை தொடங்கி, அவர்மேல் குற்றம் நிரூபணமாகியிருந்தது. கோவையில் எல்லாம் இருந்தது. அதன் பிறகு அந்தக் கோவை மேசை மேசையாக ஊர்ந்தது. ஊர்வதற்குக் காரணமும் உண்டு. ஒருவரை வேலையால் நிறுத்துபவர் கடிதம் எழுத வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், மேன்முறையீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். நிறுத்தாமல் விடுபவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. சம்பளம் அவருடைய பையிலிருந்தா போகிறது?

ஆகவே கவனிப்பது ஒரு வேலை, நடவடிக்கை எடுப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்பவர் உங்கள் பக்கத்து மேசையில் இருக்கிறார். இரண்டாவதைச் செய்யக்கூடியவருக்குப் பிரிவின் மொத்தக் கணக்கு மட்டுமே போகிறது. கரைவலையில் இந்த இருவரும் ஒரே ஆள். பக்கத்தில் இழுப்பவனுக்குத் தன் கையில் கூடும் பாரத்தை வைத்தே அடுத்தவனின் தளர்வு தெரியும், மீன் அன்றைக்கே கரையில் கிடக்கும், பங்கும் அன்றைக்கே பிரியும். சும்மா நின்றவனுக்கு அங்கேயே பேச்சு விழும்.

உங்கள் அலுவலகத்தில் அந்தப் பேச்சு விழவில்லை, அவ்வளவுதான். பேசாமல் இருப்பவர்கள் வேறு விதமாகப் பதில் சொல்வார்கள். நோர்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1983இல் இருவர் இருவராகச் சோடி சேர்த்து, ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடிக்கும் ஒரு வேலை கொடுத்தார். கூட்டாளியால் முடியும், ஆனாலும் செய்யாமல் தன்மேல் சவாரி செய்கிறான் என்று தெரிந்தவர்கள், சண்டை போடாமல் தாங்களும் கையைத் தளர்த்தினார்கள், தங்களுக்கு வரும் பரிசு போனாலும் பரவாயில்லை என்று. இதை ஏமாளி விளைவு என்கிறார்கள்: அடுத்தவனுக்காக மாடாக உழைக்கும் ஏமாளி ஆகிவிடக் கூடாது என்ற ரோசத்தில் பிறக்கும் சோம்பல். கூட்டாளிக்கு உண்மையிலேயே முடியாது என்று தெரிந்தபோது இந்த ரோசம் அவ்வளவாக வரவில்லை. சுகமில்லாத சகாவின் வேலையை நீங்களும் எத்தனையோ தடவை முணுமுணுக்காமல் செய்திருப்பீர்கள். முடிந்தும் செய்யாதவர் விஷயத்தில்தான் கணக்குத் திறக்கப்படுகிறது.

எவ்வளவு காலம் ஓட்டலாம் என்ற கடைசிக் கேள்விக்கு இரண்டு விடைகள் தர வேண்டியிருக்கிறது. அதிகாரியைக் கேட்டால், வரவுப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் வரைக்கும், பென்ஷன் வரைக்கும்கூட. சகாக்களைக் கேட்டால், அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். அதற்கு உங்கள் பரிசோதனையை நிறுத்தவும் தேவையில்லை. வரும் வாரம் மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இண்டைக்கே முடிக்க வேணும்’ என்று வரும் கோவையைப் பிரதம லிகிதர் யாருடைய மேசையில் வைக்கிறார்? யாராவது லீவு எடுத்தால் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரைக் கேட்கிறார்? மற்ற ஏழு பேரும் மத்தியானத்துக்குப் பிறகு முன்பு போல வேலை செய்கிறார்களா, அல்லது அவர்களும் கோவையை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்களா? மூன்றாவதற்கு ‘ஆம், விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்’ என்று விடை வந்தால், உங்கள் பிரிவில் பரிசோதனை செய்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமில்லை.