டீக்கடையில் விசாரிக்கிற விஷயமா இது?

என்னைப் பெற்றவரைத் தேடியதில் எனக்கு வருத்தமே இல்லை. தேடித் தருகிறேன் என்று நடுவில் புகுந்த உறவினர் மேல்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

ராயபுரத்தில் வளர்ந்த தத்துப்பிள்ளை நான். அம்மா அதை என்னிடம் மறைத்ததில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் தேட வேண்டிய அவசியம் வந்தது. 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் யாரைக் கட்டக்கூடாதோ, தத்துப்போன பிறகும் கட்டக்கூடாது. எண்ணூர்ப் பக்கம் வரன் பார்க்கிறார்கள். சித்தி மகன் என்று தெரியாமலே கழுத்தை நீட்டிவிட்டால்?

கோர்ட் பேப்பரில் நான் பிறந்த ஊர் எண்ணூர் என்று இருந்தது. “ஆபீஸ் ஆபீஸா ஏன் அலையுற?” என்று அந்த உறவினர் காசு கொடுத்து ஓர் ஆளை அனுப்பினார். 2019-ல் டென்மார்க்கில் வளர்ந்த ஒருவர் மணலியில் தன் தாயைச் சந்தித்த செய்தியைக் காட்டிக் காட்டியே எங்களை நம்பவைத்தார். எல்லாத் தாய்க்கும் ஒரே நிலைமையா? வந்த ஆள் என் குழந்தைப் படத்தை டீக்கடையில் நீட்டி விசாரித்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என்னைப் பெற்றவரின் புகுந்த வீட்டுக்கும் போய்விட்டது. நான் பிறந்ததே அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. இன்றுவரை அவர் என்னைப் பார்க்க வரவில்லை. அவரை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

பெற்றவரைத் தேட 2022-ம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் வழி இருக்கிறது. 18 வயதானவர் தானே விண்ணப்பிக்கலாம். வயது குறைவென்றால் வளர்த்தவர்களோடு சேர்ந்து. மூன்றாம் ஆள் தேட அனுமதியே கிடையாது. தன்னைப் பற்றிய விவரம் வெளியே வரக்கூடாது என்று பெற்றவர் கேட்டிருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும்.

பிறந்த வீட்டு ஆயா, மாமா, சித்தி எல்லாரும் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறார்கள். அவர்களோடான முதல் சந்திப்புக்கு, வளர்த்த அம்மாவோடுதான் போனேன். “ரத்தம் இழுக்குது பாரு” என்று பேசிய சொந்தங்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். நீங்களும் தனியாகப் போகாதீர்கள். சொத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்பதை உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் முகம் அப்போதே தெளியும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். பெற்றவர் சந்திக்க மறுத்தாலும், எந்தச் சூழ்நிலையில் உங்களை ஒப்படைத்தார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு, அவர் தெருவுக்குப் போகாமல் திரும்பிவிடுங்கள்.