பெல்ட் லூஸா, டைட்டா? கட்டைவிரலே சொல்லும்!

கிரைண்டர், தையல் மிஷின், போர்வெல் கம்ப்ரசர், களை எடுக்கும் மிஷின் என்று நம்ம புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பெல்ட்டை நம்பித்தான் பல வீட்டில் வேலை நடக்கிறது. பெல்ட் அறுந்த அன்றைக்குத்தான் அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடக்கும், மெக்கானிக்கும் வெளியூர் போயிருப்பார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், இதை நாமே மாட்டிவிடலாம்.

1. பெல்ட் முதுகில் இருக்கும் நம்பர் அழிவதற்குள், மிஷின் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஏ-42 என்றால் மேல் அகலம் 13 மி.மீ., உள்சுற்று 42 அங்குலம். பி என்றால் அகலம் 17 மி.மீ. மதுரையில் தயாராகும் ஃபென்னர் ஆனாலும் வேறு கம்பெனி ஆனாலும் இதே கணக்குதான், கடைக்காரரிடம் நம்பர் சொன்னால் போதும்.

2. நம்பர் அழிந்து, பெல்ட்டும் அறுந்து தொலைந்துவிட்டதா? மோட்டாரைத் தள்ளும் நீளத் துளையின் நடுவில் நிறுத்தி, இரண்டு புல்லியின் விளிம்பையும் சுற்றி நூல் விட்டு அளந்துகொள்ளுங்கள். அது வெளிச்சுற்று, ஏ பெல்ட்டாக இருந்தால் அதில் 2 அங்குலம் கழித்தால் நம்பர் வந்துவிடும்.

3. பிளக்கைப் பிடுங்கியதும் ஸ்குரூ டிரைவரைத் தேடாதீர்கள். அதைக் கொடுத்து நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூலிழை அறுந்துவிடும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், பத்து நாளில் பிரிந்து வரும். மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை உள்ளே தள்ளினால் பெல்ட் கையாலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மோட்டாரை வெளியே இழுத்து டைட் வையுங்கள்.

4. எவ்வளவு டைட்? இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் நிதானமாக அழுத்துங்கள். இடைவெளி ஒரு அடி என்றால் 5 மி.மீ. அளவுக்கும், கம்ப்ரசர் மாதிரி ஒரு மீட்டர் என்றால் 16 மி.மீ. அளவுக்கும் உள்ளே போனால் சரி. ரொம்பக் கணக்குப் பார்க்க வேண்டாம், மாவரைக்கும்போது வழுக்காத அளவுக்குக் குறைந்த இறுக்கமே நல்ல இறுக்கம்.

5. ‘இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே’ என்று தவிலுக்கு வார் பிடிக்கிற மாதிரி இழுக்க வேண்டாம். பெல்ட் தாங்கினாலும் மோட்டாரின் பேரிங்கும் புஷ்ஷும் தாங்காது. மோட்டார் சூடேறி உறுமும். பெல்ட் செலவோடு போவது பேரிங் செலவில் போய் நிற்கும்.

6. போல்ட்டை முழுசாக முறுக்கும் முன் ஒரு நூலை இரண்டு புல்லியின் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடியுங்கள். புல்லி இரண்டும் ஒரே அகலம் என்றால் நூல் நாலு இடத்திலும் தொட வேண்டும். தொடாவிட்டால் மோட்டார் கோணலாக நிற்கிறது. மோட்டார் அடியில் கறுப்புப் பொடி கொட்டுவது பல நேரம் இதனால்தான்.

7. புது பெல்ட் முதலில் கொஞ்சம் நீளும், பயப்படாதீர்கள். இரண்டு மூன்று ஈடு அரைத்த பிறகு மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்து இறுக்கிவிட்டால், அப்புறம் நெடுநாள் தொட வேண்டியதில்லை.

8. கீச்சென்று சத்தம் வந்தால் குங்கிலியம், சோப்பு, மெழுகு தேய்ப்பது பழைய பழக்கம். சத்தம் அப்போதைக்கு அடங்கும், லூஸ் அப்படியேதான் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கிரீஸ், தேங்காய் எண்ணெய் ரப்பருக்கு ஆகவே ஆகாது.

9. பெல்ட் அடிக்கடி போகிறதா? புல்லியைப் பாருங்கள். வி பெல்ட் பிடிப்பது பக்கச் சுவரில்தான், அடியில் இல்லை. பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியது புல்லியை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் புல்லியில் துரு ஏறும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பெல்ட் கடிபடாது.

10. கம்ப்ரசரிலோ பவர் டில்லரிலோ இரண்டு மூன்று பெல்ட் சேர்ந்து ஓடினால், ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழசு நீண்டு கிடக்கும், பாரமெல்லாம் புதுசின் தலையில் விழும். கழற்றியதில் நல்லதாக ஒன்றை அவசரத்துக்கு எடுத்து வைக்கலாம்.

11. பெல்ட்டை லீவரால் இறுக்கி ஓட்டும் சின்ன களை மிஷினில் பெல்ட்தான் கிளட்ச். லீவரை விட்டதும் பெல்ட் தொளதொளவென்று ஆகி மிஷின் நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்தால் கேபிள் அளவுக்கு மேல் டைட்டாக இருக்கிறது; கேபிள் நட்டைத் தளர்த்தினால் போதும், பெல்ட் வாங்க ஓடாதீர்கள்.

12. மிதிக்கும் தையல் மிஷினில் தோல் பெல்ட் தளர்ந்தால் கிளிப்பைக் கழற்றி, கால் அங்குலம் மட்டும் வெட்டி மறுபடி மாட்டுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் ஒட்ட வழியில்லை. மழைக்காலத்தில் தோல் தானாகவே கொஞ்சம் நீளும், அப்போது அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

13. மிச்ச பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். வெயில் படாத அலமாரியில், எலிக்கு எட்டாமல் டப்பாவில் சுருட்டி வையுங்கள்.

14. எல்லாம் மாட்டியாயிற்று என்று உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள் தோழிகளே. பெல்ட் மூடியைத் திருப்பி மாட்டி, முந்தானையைச் செருகி, பின்னலைக் கொண்டை போட்ட பிறகு போடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூடி இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்ட வேண்டாம்.